இந்த லாக் எதுக்கு?

அஞ்சு தத்துவஞானிகள் மேஜையைச் சுத்தி உக்காந்து பட்டினி கிடக்குற கதை நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். 13 மார்க் கேள்வி, வட்டமா ஒரு படம் போட்டாலே பாதி மார்க். டெட்லாக் புரியறதுக்கு அது நல்ல உதாரணம்தான், மறுக்கல. ஆனா அதுல எத்தனை கரண்டி, யாருக்கு எதுங்கிறதெல்லாம் கேள்வியிலேயே தெளிவா இருக்கு. நிஜக் கெர்னல்ல தலைவலியே, எந்த லாக் எந்த டேட்டாவைக் காக்குதுனு தெரியாமப் போறதுதான்.

இதுக்கு லினக்ஸ்லயே 15 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. தத்துவஞானிகளுக்குப் பக்கத்துல அதுக்கும் சிலபஸ்ல ஒரு இடம் வேணும்ங்கிறது என் கட்சி.

ஒண்ணுக்கு மேற்பட்ட சிபியு உள்ள மெஷின்ல ஓடுற வசதி 1996ல வந்த லினக்ஸ் 2.0 வெர்ஷன்லதான் வந்துச்சு. அதுவரைக்கும் எழுதின கோடு எல்லாமே ஒரே சிபியுவை நம்பி எழுதினது. ரெண்டு சிபியு ஒரே நேரத்துல கெர்னலுக்குள்ள நுழைஞ்சா டேட்டா நாசம். அதனால மொத்தக் கெர்னலுக்கும் சேர்த்து ஒரே லாக் போட்டாங்க. பேரு பிக் கெர்னல் லாக். ஒரு சிபியு உள்ள இருந்தா மத்தது வாசல்ல நிக்கணும். அன்னைக்கு அது சரியான முடிவுதான்.

வினை பின்னாடி வந்துச்சு. அந்த லாக் காத்தது கோடை, டேட்டாவை இல்ல. லாக் எடுத்திருக்குற இடத்தைப் பார்த்தா, எதைக் காப்பாத்த எடுத்தாங்கனு கண்டுபிடிக்க முடியாது. போதாததுக்கு அதுக்கு ரெண்டு விசித்திர குணம். ஏற்கனவே வச்சிருக்குற ப்ராசஸே அதைத் திரும்பவும் எடுக்கலாம். ப்ராசஸ் தூங்கப் போனா லாக் தானா விட்டுடும், எழுந்ததும் திரும்ப ஒட்டிக்கும். நடுவுல டேட்டா மாறியிருந்தா? அதான் கேள்வி. அதை எடுத்துட்டு அந்த இடத்துல சாதாரண மியூட்டெக்ஸைப் போட்டா, ரெண்டாவது தடவை எடுக்கும்போது தனக்குத்தானே டெட்லாக்.

டிவைஸ் டிரைவர்களோட ஐஓசிடிஎல் ஃபங்ஷன்கள் எல்லாமே இந்த லாக்குக்கு அடியிலதான் ஓடிச்சு. லாக் இல்லாம ஓடுறதுக்குத் தனியா 'அன்லாக்ட் ஐஓசிடிஎல்'னு ஒரு வழியை 2005ல கொண்டுவந்து, ஒவ்வொரு டிரைவரா படிச்சு, இதுக்கு நிஜமாவே எது வேணும்னு பார்த்து மாத்தினாங்க. கடைசியா 2011ல, 2.6.39 வெர்ஷன்லதான் பிக் கெர்னல் லாக் முழுசாப் போச்சு. அந்த 'அன்லாக்ட்'ங்கிற பேரு மட்டும் இன்னைக்கும் டிரைவர் கோடுல அப்படியே இருக்கு!

இப்போ நம்ம லேப்புக்கு வாங்க. ஃபங்ஷன் ஆரம்பத்துல ஒரு லாக், முடிவுல ஒரு அன்லாக், அவுட்புட் சரி, ரெக்கார்டுல கையெழுத்து. இதுவும் குட்டி பிக் கெர்னல் லாக்தானே? "அவுட்புட் வந்தாப் போதாதா, நாம என்ன கெர்னலா எழுதப் போறோம்?"னு கேக்கலாம். போதாது. ரெண்டு த்ரெட், ஆளுக்கு ஒரு லட்சம் தடவை ஒரே கவுண்டரைக் கூட்டட்டும், லாக் இல்லாம. சாதாரணமா கம்பைல் பண்ணினா ரெண்டு லட்சத்துக்குக் கம்மியா ஏதோ ஒரு எண் வரும். அதே கோடை ஜிசிசி-ல ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு ஓட்டினா, கம்பைலர் மொத்த லூப்பையும் ஒரே கூட்டலா சுருக்கிடும், பெரும்பாலும் சரியா ரெண்டு லட்சம் வரும். தப்பு அப்படியே இருக்கு, ஒளிஞ்சுக்குச்சு, அவ்வளவுதான்.

'டர்ட்டி கவ்' அப்படி ஒளிஞ்சிருந்ததுதான். 2007ல இருந்து லினக்ஸ் கெர்னல்ல இருந்த ரேஸ் கண்டிஷன். படிக்க மட்டும் அனுமதி இருக்குற ஃபைல்ல சாதாரண யூசரும் எழுதி, ரூட் ஆகிடலாம். ஆண்ட்ராய்டும் தப்பல. அது வெளிய வந்து சரியானது 2016ல. அந்த ஒன்பது வருஷமும் எல்லார் மெஷின்லயும் அவுட்புட் சரியாத்தான் வந்துச்சு.

அதனால லேப்புக்கு ஒரு சின்ன விதி போதும். ஒவ்வொரு லாக் டிக்ளரேஷனுக்கு மேலயும் ஒரு வரி கமெண்ட்: இந்த லாக் இந்தெந்த வேரியபிளைக் காக்குது. எழுத முடியலைன்னா கையெழுத்து கிடையாது. வைவால "செமஃபோர் வகைகள் யாவை?"க்குப் பதிலா, "இந்த லாக்கை எடுத்துட்டா எது கெடும்?"னு கேளுங்க. ஜிசிசி-லயே த்ரெட் சானிடைசர் இருக்கு, கம்பைல் பண்ணும்போது ஒரு ஃபிளாக்தான். போட்டு ஓட்டினா, ஓடுற பாதையில லாக் இல்லாம மோதிக்குற இடத்தை வரி எண்ணோட காட்டும். அந்த ரிப்போர்ட்டையும் ரெக்கார்டுல ஒட்டச் சொல்லலாம்.