முதலுக்கு மோசமில்லையா?

வங்கியில் போட்டு வைத்த பணத்தால் ‘முதலுக்கு மோசமில்லை’ என்பது நடுத்தரக் குடும்பங்களில் ஆழப் பதிந்துவிட்ட நம்பிக்கை. கூட்டு வட்டியின் மகிமையைப் பாடும் முதலீட்டு விளம்பரங்கள் அந்த நம்பிக்கைக்கு மேலும் உரமூட்டுகின்றன. 10 லட்சம் ரூபாயை 7% வட்டியில் 20 ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தால் ஏறத்தாழ 38.7 லட்சமாகப் பெருகும். கணக்கில் பிழையில்லை. ஆனால், யாரால் தொடாமல் இருக்க முடியும்?

பணியில் இருப்பவரால் முடியும். ஓய்வு பெற்றவர் நிலை வேறு. பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் வங்கியில் இட்டு, மாதந்தோறும் வரும் வட்டியில் அரிசியும் மருந்தும் வாங்குபவர் அவர். வட்டியை எடுத்துச் செலவிட்டபின் வட்டிக்கு வட்டி எங்கிருந்து வரும்? அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி கொடுக்கப்பட்டுவிடுகிறது. அது முதலோடு சேர்வதில்லை.

விலைவாசியோ எவருக்கும் விலக்களிப்பதில்லை. சென்ற ஆண்டு உயர்ந்த விலையின் மீதே இவ்வாண்டின் உயர்வும் ஏறுகிறது. அதாவது, பணவீக்கம் எப்போதும் கூட்டு வட்டிக் கணக்கில்தான் வளர்கிறது. அது ஆண்டுக்கு 5% என்று கொண்டால், 10 லட்சத்துக்கு 7% வட்டியாக இன்று மாதம் கிடைக்கும் 5,833 ரூபாய், 20 ஆண்டுகள் கழித்து இன்றைய 2,200 ரூபாய்க்கான பொருள்களை மட்டுமே வாங்கும். முதல் அப்படியே இருக்கும். அதன் மதிப்பு இன்றைய 3.77 லட்சமாகச் சுருங்கியிருக்கும். ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 விழுக்காட்டிலேயே பணவீக்கம் நின்றாலும்கூட 18 ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகிவிடும்.

வட்டியைத் தொடாதவருக்கும் முழு ஆதாயமில்லை. வருமான வரி, விலைவாசியைக் கழிக்காமல் முழு வட்டியின் மீதே விதிக்கப்படுகிறது. 30% வரி வரம்பில் உள்ளவருக்கு 7% வட்டியில் எஞ்சுவது 4.9%. பணவீக்கம் 5% எனில் அவர் இழப்புக்கும் சேர்த்தே வரி செலுத்துகிறார்!

இந்த அரிப்பிலிருந்து தப்பியவர்கள் அரசு ஓய்வூதியர்கள். ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் அகவிலைப்படி அவர்களைக் காக்கிறது, அது நியாயமானதும்கூட. ஆனால், தனியார் ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்தவர்களுக்கான 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி என்ற ஏற்பாடே இல்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதே 1,000 ரூபாய்தான் வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 5% விலையுயர்வு என்று கணக்கிட்டால், 2014-இன் மதிப்பில் அது 614 ரூபாய். எந்த அரசாணையும் இல்லாமல், எவர் கையொப்பமும் இல்லாமல் நடந்த குறைப்பு இது. ஓய்வூதியத்தை 600 ரூபாயாகக் குறைக்கிறோம் என்று அரசு அறிவித்திருந்தால் நாடாளுமன்றம் அமளியில் மூழ்கியிருக்கும்.

திட்டக் கணக்கீட்டுக்கான ஊதிய உச்சவரம்பும் 2014-இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் பத்தாண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. அந்த வரம்பில், 35 ஆண்டுகள் உழைத்தவருக்கே சூத்திரப்படி 7,500 ரூபாய்தான் கிடைக்கும்.

குறைந்தபட்சத் தொகையை 7,500 ரூபாயாக உயர்த்தி, அகவிலைப்படியும் வழங்க வேண்டும் என்கின்றன ஓய்வூதியர் அமைப்புகள். நிதியத்தில் பற்றாக்குறை இருப்பதை அரசு சுட்டிக்காட்டுகிறது. ஒரே அடியாக அத்தனை உயர்வு இயலாதெனில், தொகையில் பேரம் பேசலாம். அகவிலைப்படியில் பேசக் கூடாது. 2,000 ரூபாயே ஆனாலும் விலைவாசியோடு இணைக்கப்பட்டால் அது 2,000 ரூபாயாகவே நிலைக்கும். இணைப்பின்றி 7,500 ரூபாய் என்று நிர்ணயித்தால், 5% பணவீக்கத்தில் 14 ஆண்டுகளில் அதில் ஏறத்தாழ பாதி கரைந்துபோகும்.