எங்கப்பா இலங்கைக்குப் போகவே இல்லையாம்!

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. வீட்டு விஷயத்தை வெளியில் எழுத வேண்டுமா என்ற தயக்கம் ஒரு பக்கம். இலங்கை, அமைதிப்படை என்ற வார்த்தைகளைப் பார்த்ததும் நம்மில் பாதிப் பேர் ஒரு கட்சியாகவும் மீதிப் பேர் இன்னொரு கட்சியாகவும் பிரிந்து நின்றுவிடுவார்களே என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனால் போன மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரி என்பதால் இதில் தனிப் பெருமை ஒன்றும் கிடையாது. 1979ல் சேர்ந்து, 17 வருடம் லாரி ஓட்டி, 1996ல் ஹவில்தாராக வெளியே வந்தார். அவர் மகன் நான் நொய்டாவில் ஏசி ரூமில் கீபோர்டு தட்டிக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

1987 ஜூலை 29ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை போனது. அக்டோபரில் 'ஆபரேஷன் பவன்' என்ற பெயரில் சண்டையே தொடங்கிவிட்டது. அந்த நவம்பரில் அப்பாவையும் இன்னும் சில டிரைவர்களையும் அவர்களுடைய யூனிட்டிலிருந்து எடுத்து வேறொரு யூனிட்டுடன் இணைத்து, சென்னையிலிருந்து கப்பலில் திரிகோணமலைக்கு அனுப்பினார்கள். நான் அப்போது ரெண்டு வயசுப் பையன். ராணுவத் தபாலில் ஊர்ப் பெயர் இருக்காது, வெறும் எண்தான் இருக்கும். அதனால் அவர் கடல் தாண்டியதே அம்மாவுக்கு நாலு மாசம் கழித்துத்தான் தெரியும்.

1988ல் வவுனியாவுக்குப் பக்கத்தில் அவருக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அப்பா பிழைத்தார். வலது காது போனது. முழங்காலில் இரும்புத் துண்டு.

இதையெல்லாம் அவர் வாயால் நான் கேட்டது என் முப்பதாவது வயதுக்கு அப்புறம்தான். அதுவரை சொன்னதே இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் போகாததற்கு அவருக்கு ஒரு நியாயம் இருந்தது, தமிழ்நாட்டில் பலருக்கும் அதே மனநிலைதான். டீக்கடையில் யாராவது கேட்டால் அப்பா, "நார்த்துல இருந்தேன்" என்று முடித்துக்கொள்வாராம்.

2013ல் காது சுத்தமாகக் கேட்காமல் போய், முழங்காலும் மடங்காமல் ஆனபோது, ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். அவருடைய ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து பதில் வந்தது. (எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை.) மேற்படி காலத்தில் நீங்கள் இந்தியாவில் இன்ன ஊரில் பணியில் இருந்திருக்கிறீர்கள், வெளிநாட்டில் பணிபுரிந்ததாக எந்தப் பதிவும் இல்லை, இருந்தால் ஆதாரம் அனுப்பவும்.

அப்பா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, நான் இலங்கைக்குப் போகவே இல்லையாம்டா."

இது எப்படி நடக்கும் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும், இடமாற்றமோ, லீவோ, கல்யாணமோ, குழந்தை பிறப்போ, அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்றை வெளியிட வேண்டும். அது ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய் அவருடைய 'ஷீட் ரோல்' என்ற பணிப்பதிவில் ஏறும். ஆர்டர் போடாவிட்டால் அந்தச் சம்பவம் நடக்கவே இல்லை. அப்பா தற்காலிகமாக வேறு யூனிட்டுடன் இணைக்கப்பட்டவர். பழைய யூனிட் புது யூனிட் போடும் என்று விட்டது, புது யூனிட் பழைய யூனிட் போடும் என்று விட்டது. எங்கள் ஆபீஸில் ரெண்டு டீமுக்கு நடுவில் விழுந்த வேலை மாதிரிதான். என்ன, இங்கே விழுந்தது ஒரு ஆளின் ஒன்றரை வருட வாழ்க்கை.

வெளியே வரும்போதாவது டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் படித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல இருந்துச்சு, கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். எனக்கு அன்னிக்கு ராத்திரி ரயிலு" என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

ஒரு வரிதானே, விட்டுத் தொலையலாமே என்று என் நண்பர்களே சொன்னார்கள். அந்த ஒரு வரியில் தொங்குவது நிறைய. ராணுவத்தில் ஊனத்துக்குத் தரும் ஓய்வூதியம் வேறு, அரசு அறிவித்த ராணுவ நடவடிக்கையில் ஏற்பட்ட காயத்துக்குத் தரும் ஓய்வூதியம் வேறு. பின்னதில் தொகை அதிகம். 1982ஆம் வருடத்து ஓய்வூதியத் தகுதி விதிகளில் ஒரு நல்ல விதி இருக்கிறது. கேட்கிறவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும், களத்தில் பணியாற்றியவர்களுக்கு இன்னும் தாராளமாகத் தர வேண்டும் என்கிறது. 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் அழுத்திச் சொன்னது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை.

சரி, களத்தில் இருந்தவனுக்குத் தாராளம். ஆனால் களத்தில் இருந்தான் என்ற பதிவே இல்லையென்றால்? அந்த இடத்தில் தாராளம் நின்றுபோகிறது. ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள்.

கொண்டுபோனோம். ட்ரங்குப் பெட்டியில் இருந்த இன்லேண்டு கடிதங்கள், நாலு பேர் லாரி முன்னால் நிற்கும் ஒரு மங்கலான போட்டோ, கூட இருந்த இரண்டு பேரின் உறுதிமொழிப் பத்திரம். எல்லாவற்றுக்கும் 'போதுமானதாக இல்லை' என்ற ஒரே பதில். உறுதிமொழி கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் 2019ல் இறந்துவிட்டார்.

கடைசியில் கதவு திறந்தது பத்து ரூபாயில். தகவல் அறியும் சட்டத்தின் கீழ், இந்த முறை ஷீட் ரோலை மட்டும் கேட்காமல் அப்பாவின் மருத்துவ ஆவணங்கள் முழுவதையும் நகலெடுத்துக் கேட்டேன். ஒரு தடித்த கவர் வந்தது. அதில் பன்னிரண்டாவது தாளோ பதிமூன்றாவது தாளோ, 1988ல் கள மருத்துவர் ஒருவர் கையால் எழுதிய காயக் குறிப்பு. பெயர், எண், வவுனியா, கண்ணிவெடி, வலது காது, முழங்கால். அப்பா போகவே இல்லை என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆபீஸின் அதே ஃபைலில்தான் அந்தத் தாளும் இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அதுவரை பழைய காலத்து ஆவணம், தொலைந்திருக்கும், பாவம் குமாஸ்தாக்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவணம் தொலையவில்லை. யாரும் தேடவில்லை. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1973ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவக் கோப்புகள் எரிந்து போயின. அதற்காக அந்த வீரர்களை நீங்கள் ராணுவத்திலேயே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. சம்பளப் பட்டியல் மாதிரி வேறு இடத்தில் இருந்த காகிதங்களை வைத்து அந்தக் காப்பகமே பணிப்பதிவை மறுபடி கட்டிக்கொடுக்கிறது. அங்கேயும் இழுத்தடிப்பு உண்டு, புலம்பல் உண்டு. ஆனாலும் தேடுவது தன் வேலை என்று ஒரு அலுவலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நமக்குத் தீயே பிடிக்கவில்லையே ஐயா!

இப்படிக் கேட்டவனுக்கெல்லாம் பதிவைத் திருத்திக் கொடுத்தால் போகாதவனும் போனேன் என்று வந்து நிற்பானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய்ச்சொல்லை நம்பித் திருத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. 'பதிவு இல்லை' என்று எழுதும் முன் உங்களிடம் உள்ள மருத்துவக் கோப்பு, சம்பளக் கணக்கு, அந்த யூனிட்டின் ஆவணங்கள் மூன்றையும் பாருங்கள். எதையெல்லாம் பார்த்தோம் என்று பதில் கடிதத்தில் எழுதுங்கள். பொய் சொல்கிறவனும் அதிலேயே மாட்டுவான். இன்னொன்று, வெளியே வருகிறவருக்கு ஆறு மாதம் முன்பே அவருடைய பணிப்பதிவை அவருக்குப் புரியும் மொழியில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ராத்திரி ரயிலைப் பிடிக்க நிற்கிறவனிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

இதில் நேரம் என்பது சும்மா வார்த்தை இல்லை. 2008ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் விஷயம் என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம் என்றது. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் என்றும் சொன்னது. அமைதிப்படையில் இருபது வயதில் இருந்த பையனுக்கே இன்று ஐம்பத்தைந்துக்கு மேல். சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பயம். 'அமைதிப்படை அங்கே செய்தது தெரியாதா, அதற்கு உங்கப்பாவுக்குப் பதக்கம் ஒரு கேடா' என்று சிலர் கேட்பீர்கள். தெரியும். 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் கொல்லப்பட்டது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இந்தப் பக்கம் சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. அவர்களின் பெயர்கள் இங்கே இந்தியா கேட் பக்கத்தில் 2019ல் திறந்த தேசியப் போர் நினைவிடச் சுவரில் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். இறந்தவனுக்குச் சுவரில் இடம் இருக்கிறது, பிழைத்து வந்தவனுக்கு ஃபைலில் ஒரு வரி இல்லை.

பதிவு என்பது பாராட்டுப் பத்திரம் இல்லை. எந்த ஆள் எந்தத் தேதியில் எங்கே இருந்தான் என்ற கணக்கு. அந்தக் கணக்கு அப்பாவுக்கு எவ்வளவு முக்கியமோ, அங்கே வீட்டையும் உறவையும் இழந்து இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அவ்வளவு முக்கியம். தன் ஆள் எங்கே இருந்தான் என்றே சொல்லத் தெரியாத ஒரு நிர்வாகம், அவன் அங்கே என்ன செய்தான் என்று மட்டும் எப்படிப் பதில் சொல்லும்? புகழ வேண்டுமானாலும் சரி, குற்றம் சாட்ட வேண்டுமானாலும் சரி, முதலில் ஏடு சரியாக இருக்க வேண்டும்.

2024 கடைசியில் பதிவைத் திருத்தினார்கள். ஓய்வூதியத் தொகை பற்றிய வழக்கு தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருக்கிறது, அது எப்போது முடியுமோ. திருத்திய தாளின் நகலை லேமினேட் செய்து போன மாதம் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். சந்தோஷப்படுவார், ஒரு சொட்டுக் கண்ணீராவது வரும் என்றெல்லாம் ரயிலில் கற்பனை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். அப்புறம் விரலை வைத்துக் காட்டினார்.

"திரும்பி வந்த தேதி தப்பு. நாங்க எறங்குனது மறுநாள் காலையில."

"ஒரு நாள்தானேப்பா, விடுங்க" என்றேன், அவருடைய இடது காதுப் பக்கம் குனிந்து.

"அதையும் எழுதிக் கேளு" என்றார்.

இன்று காலைதான் தபாலில் சேர்த்தேன்.