பொதுச் சுகாதாரமும் விஞ்ஞானத் தலைமையும்

பொருநை பாயும் நம் திருநெல்வேலிச் சீமையை 1809 முதல் 1811 வரை ஒரு கொடுங்காய்ச்சல் வாட்டியது. கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல் ஆகிய பகுதிகளும் அதற்குத் தப்பவில்லை. சென்னை அரசாங்கத்தார் அயின்சிலி, ஸ்மித், கிறிஸ்டி என்னும் வைத்தியர் மூவரை அமர்த்தி, அதன் காரணத்தை ஆராய்ந்து தெரிவிக்குமாறு பணித்தனர். அவர்தம் அறிக்கை 1816இல் இலண்டனில் அச்சாயிற்று. ஈர நிலத்தினின்று எழும் நச்சாவியும் பருவத்தின் மாறுபாடுமே காரணம் என்பது அவர்கள் துணிபு. அயின்சிலி கல்லாதவர் அல்லர். நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து நூல் செய்தவர். தமிழ் பயில்வோர் அவரை மறத்தல் ஆகாது. ஆயினும் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுள் ரொனால்டு ராஸ் கண்டது 1897இல்தான். அதுவரை உலகமே காற்றைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தது. மலேரியா என்னும் பெயருக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். பிழையொன்று பெயராகி நிலைத்துவிட்டது.

மக்கள் நலத்தைக் காக்கும் ஒரு பெரிய ஸ்தாபனத்தில் விஞ்ஞானிக்கு உரிய இடம் யாது என்னும் வினாவை ஆராயப் புகுந்தபோது, இப்பழங்கதையே முதற்கண் நினைவிற்கு வந்தது. என்னை? இருநூறாண்டு கழித்து, அதே காற்றைப் பற்றி, உலகிலேயே பெரிய சுகாதார ஸ்தாபனம் நேர்மாறான பிழையொன்றைச் செய்தது. அப்போது அதன் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் நம் தமிழ்நாட்டுப் பெண்மணி.

டாக்டர் சௌமியா சுவாமிநாதன் அவர்கள் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு உழைத்து, பின் அதற்கே இயக்குநராக விளங்கியவர். 2015 முதல் 2017 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றிருந்தார். உலக சுகாதார ஸ்தாபனம் 1948இல் தோன்றியது. ஆயினும் ‘தலைமை விஞ்ஞானி’ என்றொரு பதவி அதில் 2019 வரை இல்லை. அவ்வாண்டு அப்பதவி படைக்கப்பெற்றது. முதன்முதல் அதில் அமர்ந்தவர் இவ்வம்மையாரே. ஓராண்டுக்குள் கொரோனாப் பெருநோய் உலகைச் சூழ்ந்தது.

2020 மார்ச் 28ஆம் நாள் அந்த ஸ்தாபனம், இந்நோய் காற்றுவழிப் பரவுவதன்று என உலகறிய அறிவித்தது. ‘இதுவே உண்மை’ என்னும் முத்திரையும் அவ்வறிவிப்பின் தலையில் இருந்தது. இருமல், தும்மலில் தெறிக்கும் பெருந்துளிகளாலும், தொட்ட பொருளாலுமே நோய் பரவும் என்பது அன்றைய கொள்கை. அதனால் உலகத்தார் கதவின் கைப்பிடியைத் துடைத்தனர், காய்கறியைக் கழுவினர், சன்னலைத் திறக்க மறந்தனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் 239 விஞ்ஞானிகள் ஒப்பமிட்டு, காற்றுவழிப் பரவலை ஏற்றுக்கொள்ளுங்கள் என வேண்டினர். 2021 ஏப்ரல் இறுதியில்தான் ஸ்தாபனத்தின் விளக்கவுரை தெளிவாக மாறியது. 2022 நவம்பரில் பதவியினின்று விலகும் வேளையில் சௌமியா அம்மையார், கிடைத்த சான்றுகளைக் கொண்டு இதனை இன்னும் பல காலம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். பதவியில் இருப்போர் வாயினின்று எளிதில் வாராத சொல் அது.

இத்தயக்கத்திற்கு வேர் பழையது. நச்சாவிக் கொள்கை வீழ்ந்தபின், ‘காற்று’ என்ற சொல்லைக் கேட்டாலே மருத்துவர் முகஞ்சுளிக்கும் நிலை உண்டாயிற்று. அமெரிக்கச் சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின் 1910இல் எழுதிய நூலில், காற்றுவழித் தொற்று மிக அரிது என வாதித்தார். காற்றையே அஞ்சும் மக்கள் கை கழுவுதலைக் கைவிடுவர் என்பது அவர் கவலை. அவர் காலத்துக்கு அது நல்ல கவலைதான். ஆனால் ஒருவர் கவலை நூறாண்டில் எல்லார்க்கும் சூத்திரமாகிவிட்டது. அயின்சிலி கொசுவைக் காணாமல் காற்றைக் குறைகூறினார். அவர் வழிவந்தோர் கொசுவைக் கண்டபின் காற்றைக் காண மறுத்தனர்.

இனி, தலைமை விஞ்ஞானி இருந்தும் இப்பிழை ஏன் நேர்ந்தது? ‘விஞ்ஞானி’ என்னும் பெயர் ஓரிடத்தில் இருக்க, சொல்லைத் தீர்மானிக்கும் எழுதுகோல் வேறிடத்தில் இருந்தது என்பதே எமது கருத்து. தொற்றுத் தடுப்பு விதிகள், மருத்துவமனைத் தொற்றில் பழகிய நிபுணர் குழுவின் ஆலோசனையால் எழுந்தவை. காற்றில் நுண்துகள் எவ்வாறு மிதக்கும் என்பதை ஆய்ந்த பௌதிக வல்லாரின் சொல் அங்கே நெடுநாள் ஏறவில்லை.

அதே பதவி, கேள்வியைத் தானே கேட்டு விடையைத் தானே தேடிய இடத்தில் எவ்வளவு திறம்படப் பணிபுரிந்தது என்பதையும் பார்த்தல் வேண்டும். 2020இல் அந்த ஸ்தாபனம் 30 நாடுகளில் 405 மருத்துவமனைகளைச் சேர்த்து, 11,330 நோயாளரிடையே நான்கு மருந்துகளை ஒருங்கே சோதித்தது. அவற்றுள் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் என்பதைப் பெருந்தலைவர் சிலர் அருமருந்தெனப் புகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. மே மாதத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, அம்மருந்து உயிர்க்கு இடர் என்றது. சோதனையின் அப்பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அக்கட்டுரையின் கணக்கு நம்பத்தகாதது எனத் தெரிந்தவுடன் சோதனை மீண்டும் தொடங்கிற்று. பின்னர்த் தன் சான்றையும் பிற சோதனைகளின் சான்றையும் கொண்டு அம்மருந்தால் பயனில்லை எனக் கண்டு ஜூனில் அதனை நிறுத்தினர். நிறுத்தியது, தொடங்கியது, மறுபடி நிறுத்தியது! இதனைத் தடுமாற்றம் என்று எள்ளினோர் உளர். எமக்கோ இதுவே நேர்மையான நடையெனத் தோன்றுகிறது.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைப் படித்தோர், அங்கே ஆசாரியனுக்கு விதித்த கடமையை அறிவர். ஒருவன் தோலில் தழும்பு தோன்றினால் ஆசாரியன் அதனைப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் அவனை ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லையேல் இன்னும் ஏழு நாள். அதற்குப் பிறகே சுத்தமென்றோ தீட்டென்றோ வாய்திறத்தல் கூடும். அவன் குணப்படுத்துவோன் அல்லன். பார்ப்பதும், பொறுப்பதும், மறுபடி பார்ப்பதும், பின் சொல்வதுமே அவன் வேலை. அவனைத் தவிர வேறெவரும் அச்சொல்லைச் சொல்லலாகாது. அவனும் ஏழு நாளைக் கடந்து முந்திச் சொல்லலாகாது. சுகாதார ஸ்தாபனத்தின் விஞ்ஞானத் தலைவர்க்கு இதனினும் பொருத்தமான உத்தியோக விதி எங்கும் எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை. 2020 மார்ச்சில் ‘இன்னும் ஐயமுண்டு, சன்னலைத் திறந்து வையுங்கள், மறுபடி பார்த்துச் சொல்கிறோம்’ என்று கூறியிருந்தால் எவர்க்கு என்ன குறை நேர்ந்திருக்கும்?

தமிழ்நாட்டிற்கு இவ்வகைப் பார்வை புதியதன்று. காசநோயென்றால் மலைக்காற்றும் ஓய்வும் நல்லுணவும் நல்கும் ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுத்திருத்தலே மருந்து என உலகம் நம்பிய நாள் ஒன்றிருந்தது. அத்தனை பேர்க்கும் கட்டில் எங்கே? சென்னையில் 1956இல் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அதனை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 193 ஏழை நோயாளரைத் திருவுளச் சீட்டுப் போன்ற முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியார்க்கு நிலையத்திலும் மறு பாதியார்க்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடிசையில், குறைந்த உணவோடு, வேலையும் செய்துகொண்டு இருந்தவர். ஆயினும் இரு சாராரும் ஏறத்தாழ ஒப்பவே தேறினர். வீட்டாருக்கு நோய் தொற்றியதும் மிகுதியாக இல்லை. 1959இல் இம்முடிபு வெளிவந்தது. ஆரோக்கிய நிலையங்களின் காலம் அதனோடு முடியத் தொடங்கிற்று. பெரியோர் ஒருவர் ஆணையால் அன்று. இரு பக்கமும் எண்ணிப் பார்த்ததால் வந்த மாற்றம் அது. இந்நிலையம்தான் பிற்காலத்தில் மேற்சொன்ன தேசிய நிலையமாயிற்று. சௌமியா அம்மையார் பயின்ற பள்ளி இதுவே என்க.

இன்றும் அம்மரபு அறுந்துவிடவில்லை. 2022இல் நம் மாநிலத்தில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தாரும் அரசாங்கத்தாரும் சேர்ந்து நடத்துவது. பெருங்கருவி ஏதும் அதற்கு வேண்டா. நோயாளியின் எடை, உயரம், மூச்சின் விரைவு, இரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம், பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைச் செவிலியர் ஒரு தாளில் குறித்து, ஆபத்தில் இருப்போரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். வீட்டிலேயே மருந்து போதும் என்று கண்ட அதே ஊர், யாருக்குப் போதாது என்பதையும் இப்போது மறுபடி பார்க்கிறது.

எதிர்வாதம் ஒன்றுண்டு. விஞ்ஞானியின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் நாட்டை ஆள்வோர் எதற்கு என்பர். நியாயமே. கடையடைப்பதும் பள்ளியை மூடுவதும் மக்கள் முன் பொறுப்புடையோர் செய்யவேண்டிய காரியம். ஆயினும் முத்துக்குளிப்பை நினைமின்! பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கையின் பெயர், கிரேக்க மாலுமி ஒருவர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டின் முன் எழுதிய குறிப்பிலும் முத்தோடு சேர்ந்தே வருகிறது. மூழ்குவோன் ஒருவன், தோணியில் கயிறு பிடிப்போன் ஒருவன். தோணி எங்குச் செல்லவேண்டும் என்பதை மூழ்குவோன் முடிவு செய்வதில்லை. ஆனால் கீழிருப்பது முத்தா கிளிஞ்சலா என்பதைக் கயிறு பிடிப்போன் மேலிருந்தே அறிவித்தல் பேதைமை. கீழிருந்து கயிற்றை அசைத்தால் அவன் இழுத்தே ஆகவேண்டும். (மைத்துனன் கையிலேயே அக்கயிற்றைக் கொடுப்பது நம் கரையோரத்தார் வழக்கம் என்பர், தங்கை தாலிமேல் அவனுக்குள்ள அக்கறையை அவர் அறிவர்.)

கயிறு கைவிட்ட கதையும் உண்டு. பம்பாயில் பிளேக்குத் தடுப்பூசியைக் கண்ட ஹாஃப்கின், அங்கே ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர். 1902இல் பஞ்சாபில் ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் ஏற்பி நோயால் மாண்டனர். பழி முழுதும் அவர்மேல் விழ, பதவியும் போயிற்று. ராஸ் முதலியோர் போராடி 1907இல்தான் அவர் பழி நீங்கிற்று. பொறுப்பை மட்டும் கொடுத்துப் பாதுகாப்பைக் கொடாத பதவியில் எவர் துணிந்து உண்மை பேசுவார்?

நம் மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதுவே முதல் என்பது நமக்குப் பெருமை. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்குநரகமும், அதில் தலைமை ஏற்போர் அத்துறையில் பட்டயம் பெற்ற மருத்துவராதல் வேண்டும் என்னும் முறையும் இங்கே உண்டு. பிற மாநிலங்கள் இதனை வியந்து நோக்குகின்றன. இனிக் குறையாக நிற்பது ஒன்றே. அம்மருத்துவர் தாம் கண்டதைத் தம் பெயரால், தேதியிட்டு, மேலிடத்தின் இசைவுக்குக் காத்திராமல் வெளியிடவும், பின் திருத்தவும் சட்டத்திலேயே உரிமை எழுதித் தருதல் வேண்டும். அடிக்கடி திருத்தினால் மக்கள் நம்பார் என்பது பொருந்தாது. ஆறு தடம் மாறியதால் துறைமுகத்தைக் கடலினின்று காததூரம் இழந்த கொற்கையின் மக்கள், மாற்றத்தைக் கண்டு மிரளமாட்டார்கள். நேற்றுச் சொன்னதை இன்று ஓசைப்படாமல் அழித்தெழுதுவதைக் கண்டுதான் மிரளுவார்கள்.

சொல்லின் பொருளை வரையறுத்தல் தமிழ் மாணவர்க்குப் பழகிய தொழில். ஆதலின் ஒன்று கூறத் துணிகிறோம். 2024 ஏப்ரலில் உலக சுகாதார ஸ்தாபனம், ஏறத்தாழ 500 நிபுணரைக் கலந்து, காற்றின் ஊடாகப் பரவும் நோய்களுக்குரிய பொதுச் சொற்களை வகுத்து வெளியிட்டது. பெருந்துளி, நுண்துளி என்னும் பழைய கோட்டை அழித்தது. அதன் தமிழ் வடிவத்தை ஆக்குவது நம் போன்ற கல்லூரிகளின் தமிழ்த்துறையும் விஞ்ஞானத்துறையும் கூடிச் செய்யத்தக்க வேலை. சொல் ஜெனீவாவில் திருந்தியது போதாது. செவிலியர் வாயில் திருந்தினால்தான் குடிசையின் சன்னல் திறக்கும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை கரைகடந்து ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. கொற்கை அவ்வேரலுக்கு அண்மையில் உள்ள ஊர். அத்தகைய வெள்ளம் வடியும்போது, எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம் என்பதே அங்குள்ளோர் கேட்கும் முதற்கேள்வி. அடுத்த முறை அவ்வூர்க் கிணற்றடியில் ஒட்டப்பெறும் அறிவிப்பில் நான்கு வரி இருக்கட்டும்: நீரைச் சோதித்த நாள், கண்ட முடிவு, சோதித்த அதிகாரியின் பெயர், மறுபடி சோதிக்கப்போகும் நாள்.