செவ்வாயின் பக்கம் பேசும் அட்டைகள்

1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மாரினர் 4 விண்கலம் 22 படங்களை அனுப்பியது. கால்வாய் எதுவும் அவற்றில் இல்லை, பாசி படர்ந்த சமவெளியும் இல்லை. நிலவில் இருப்பதுபோன்ற பள்ளங்கள்தான் இருந்தன. காற்றழுத்தமோ பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பெர்சிவல் லோவல் தொலைநோக்கி வழியாகக் கண்டதாக நம்பிய கால்வாய்களை ஆதாரமாகக் கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டுவந்த ஒரு கதையுலகம் அத்தோடு அறிவியலின் துணையை இழந்தது.

புத்தகங்கள் மட்டும் எங்கும் போய்விடவில்லை. ராபர்ட் ஹெயின்லைன் 1949-ல் சிறுவர்களுக்காக எழுதிய ‘ரெட் பிளானட்’டில் இரண்டு பையன்கள் உறைந்த கால்வாய்மேல் சறுக்கியபடி வீடு நோக்கித் தப்பிப்போகிறார்கள். கூடவே வில்லிஸ் என்றொரு செவ்வாய் உயிர். உருண்டையாக இருக்கும், காதில் விழுந்த பேச்சைப் பேசியவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். பள்ளிப் பருவத்தில் அதைப் படித்தபோது செவ்வாயில் கால்வாய் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதனால் வில்லிஸ்மேல் வைத்த பிரியம் ஒரு துளியும் குறையவில்லை. ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி சாண்ட்ஸ் ஆஃப் மார்ஸ்’ (1951) இன்னும் ஆழமாக உள்ளே போனது. அதில் போபோஸ் நிலவையே ஒரு குட்டிச் சூரியனாக எரியவைத்து, அந்த வெப்பத்தில் செவ்வாயின் செடிகளை வளர்த்து மூச்சுக்காற்று உண்டாக்குகிறார்கள். அதை எழுதிய கிளார்க் 1956-ல் இலங்கையில் குடியேறி, 2008-ல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அந்தக் கனவு மறுபடி கைக்கு வந்திருப்பது ஒரு பலகை ஆட்டமாக. ஸ்வீடனைச் சேர்ந்த ஜேக்கப் ஃப்ரிக்ஸேலியஸ் வடிவமைத்து 2016-ல் வெளிவந்த ‘டெர்ராஃபார்மிங் மார்ஸ்’ மாரினர் காட்டிய வெறும் நிலத்திலிருந்து தொடங்குகிறது. பலகையில் அறுகோணக் கட்டங்கள். தார்சிஸ் எரிமலைகளின் பெயர்கள். வெப்பம் -30 டிகிரி, ஆக்சிஜன் பூஜ்யம். வெப்பம் 8 டிகிரியைத் தொட வேண்டும், ஆக்சிஜன் 14 சதவீதம் ஆக வேண்டும், ஒன்பது கடல் வில்லைகள் பலகையில் இறங்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால் ஆட்டம் முடியும். அந்த 14 சதவீதம் மனம்போன போக்கில் வைத்த எண் இல்லை. பூமியில் ஏறக்குறைய 3000 மீட்டர் உயரத்தில் மூச்சு விடுவதற்கு ஈடானது என்று விதிப்புத்தகம் கணக்குச் சொல்கிறது.

எட்டுச் செடிக் கட்டைகளைக் கொடுத்தால் ஒரு பசுமை வில்லை கிடைக்கும். அதை வைத்ததும் ஆக்சிஜன் ஒரு சதவீதம் ஏறும். ஆக்சிஜன் எட்டைத் தொடும்போது வெப்பமும் ஒரு படி உயரும். வெப்பம் பூஜ்யத்தை எட்டினால் உறைந்த நீர் உருகி ஒரு கடல் வரும். ஒருவர் நட்ட செடி இன்னொருவர் எதிர்பாராத இடத்தில் தண்ணீராக எழுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தலைமுறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் சில தலைமுறைகளில் பலகை கிட்டத்தட்ட வெறுமையாகவே கிடக்கும். எதையோ தோண்டுகிறோம், எங்கோ ஒரு மின்நிலையம் கட்டுகிறோம், கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு ஒரு கட்டத்தில் பச்சையும் நீலமும் மளமளவென்று பரவும். நட்டவர் காணாத காட்டைப் பேரப்பிள்ளைகள் காண்பார்கள் என்ற நீண்ட காலத்தின் உணர்வை இவ்வளவு துல்லியமாகத் தரும் வேறு ஆட்டம் எதையும் நான் ஆடியதில்லை. கிளார்க்கைப் படித்தபோது நெஞ்சில் விரிந்ததும் அதே காலம்தான்.

இவ்வளவு நேசிக்கிற ஆட்டத்திடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தச் செவ்வாய் யாருடையது?

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு பெருநிறுவனம். செவ்வாயை வாழத் தகுந்ததாக்கும் வேலைக்கு உலக அரசு பணம் தருகிறது. வெப்பம், காற்று, கடல் எதை ஏற்றினாலும் வருமானம் கூடும், அதுவே கடைசியில் புள்ளியாகவும் மாறும். டைமோஸ் நிலவைக் கொண்டுவந்து தரையில் மோதவைக்கும் அட்டை இருக்கிறது. மூன்று படி வெப்பம் ஏறும், எஃகு கிடைக்கும், வேறொருவர் சேர்த்த செடிகளில் எட்டுவரை அழியும். அழிந்ததன் கணக்கு சக போட்டியாளரின் நட்டமாக மட்டுமே எழுதப்படுகிறது. நிலவு போனதற்கு எந்தப் பத்தியிலும் கழிவு இல்லை.

சிறுவயதுப் புத்தகங்கள் இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டன. ஹெயின்லைனின் செவ்வாயில் பூர்வகுடிகள் உண்டு. அவர்களைத் துச்சமாக நினைக்கும் அதிகாரிக்கு அது ஆபத்தாக முடிகிறது. ரே பிராட்பரியின் ‘தி மார்ஷியன் க்ரானிக்கிள்ஸ்’ (1950) தொகுப்பில் பூமியிலிருந்து போன சின்னம்மை ஓர் இனத்தையே கிட்டத்தட்ட அழித்துவிடுகிறது. கிளார்க்கின் மனிதர்களும் அங்கே ஓர் உயிரினத்தைக் கண்டடைகிறார்கள். கிம் ஸ்டான்லி ராபின்சன் 1992-ல் ‘ரெட் மார்ஸ்’ எழுதும்போது செவ்வாயில் உயிரே கிடையாது. இருந்தும் ஆன் கிளேபோர்ன் என்ற நிலவியலாளர், அந்தப் பாறைகள் அப்படியே இருக்க உரிமையுள்ளவை என்று வாதாடுகிறார். வேற்று நிலத்துக்குப் போகிறவன் அங்கே முன்பே இருப்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பாடமாகப் படிப்பதற்கு முன்பே நாம் இந்தக் கதைகளில் உணர்ந்துவிட்டோம்.

ஆட்டத்தில் அந்தக் குரல் அறவே இல்லை என்று சொல்வது அநியாயம். அட்டைக் கட்டுக்குள் அது ஒளிந்திருக்கிறது. உயிரைத் தேடும் அட்டை ஒன்று உண்டு. ஆக்சிஜன் 6 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் அதை இறக்க முடியாது. நாம் கொண்டுவந்த காற்றும் நுண்ணுயிரும் எங்கும் பரவிய பிறகு, செவ்வாய்க்கென்று சொந்தமாக ஏதாவது இருந்ததா என்று தேடி என்ன பயன்? இந்தப் பெரிய கேள்வியை ஒரு மூலையில் அச்சிட்ட எண் சொல்லிவிடுகிறது. இயற்கைக் காப்பிடம் அமைக்கும் அட்டையும் அப்படித்தான். ஆக்சிஜன் 4 சதவீதத்தைத் தாண்டும் முன்பே இறக்கியாக வேண்டும், பக்கத்தில் வேறு வில்லை இருக்கக் கூடாது. அதன் பரிசு ஒரு புள்ளி, கொஞ்சம் வருமானம்.

2019-ல் ‘டர்மாயில்’ என்ற விரிவாக்கம் வந்தபோது கட்சிகளும் அரசியலும் சேர்ந்தன. அவற்றில் ஒன்று சிவப்பர்கள். ராபின்சனைப் படித்தவர்களுக்குப் பழகிய பெயர். அவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டால் செவ்வாயை மாற்றிப் புள்ளி ஏற்றும் ஒவ்வொரு படிக்கும் மூன்று மெகாகிரெடிட் கட்ட வேண்டும். அந்தத் தலைமுறையில் மேசையைச் சுற்றி எழும் முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். நிலத்தின் பக்கம் பேசுகிறவர்கள் இங்கே முட்டுக்கட்டையாகவே உணரப்படுகிறார்கள். விதியின் அமைப்பே ஆடுகிறவரை அந்த எரிச்சலுக்குள் தள்ளுகிறது. நல்ல மனதுள்ளவர்கள்கூடத் தப்ப முடிவதில்லை.

நாவல் நம்மை வாசகராக வெளியே நிறுத்திக் காட்டும். ஆட்டம் நம் கையாலேயே செய்யவைக்கும். ஆதலால் அதன் அரசியல் நாவலைவிட வேகமாக உள்ளே இறங்குகிறது. அப்படிப்பட்ட ஒரு வடிவத்தை, நேரம் போக்கும் சாதனம் என்று தமிழ் விமர்சனம் ஒதுக்கி வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. சினிமாவையும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஒதுக்கினோம்.

அடுத்த இதழ் முதல் ஆட்டங்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு இங்கே இடம் உண்டு. எப்படி ஆடுவது, எத்தனை பேர் ஆடலாம் என்ற விளக்கம் இரண்டு பத்திக்குள் முடியட்டும். எந்தச் செயலுக்கு அந்த ஆட்டம் புள்ளி தருகிறது, எதற்குத் தருவதில்லை, தோற்றவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி எழுதுங்கள்.