‘பிடிச்சிருக்கு’ என்பதற்கு என்ன ஆதாரம்?

2017 ஜனவரி 15 அன்று பிபிசியில் ‘ஷெர்லாக்’ தொடரின் நான்காவது சீசன் முடிந்தது. சீசனுக்கு 3 எபிசோட் என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். மூன்றும் ஓடிவிட்டன. ஆனால் ரசிகர்களில் ஒரு கூட்டம் எழுந்து போகவில்லை. ஷெர்லாக்கும் ஜான் வாட்சனும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள், முதல் எபிசோடிலிருந்தே கதை அதை நோக்கித்தான் நகர்கிறது, கடைசியில் சேர்ந்தே தீருவார்கள் என்பது அவர்கள் பல வருடங்களாக ஸ்க்ரீன்ஷாட் ஸ்க்ரீன்ஷாட்டாகக் கட்டிவைத்திருந்த தியரி. அது நடக்கவில்லை. அப்படியென்றால் ரகசியமாக நான்காவது எபிசோட் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 22, ‘ஆப்பிள் ட்ரீ யார்டு’ என்ற புதுத் தொடர் தொடங்குவதாக பிபிசி அறிவித்திருந்தது. அந்தத் தொடரே பொய், அந்த நேரத்தில் வரப்போவது ஷெர்லாக்தான் என்றார்கள். ஆப்பிள் ட்ரீ யார்டு 2013ல் வெளியான ஒரு நாவலை வைத்து எடுத்த தொடர். பாவம், அது அறிவித்தபடியே ஒளிபரப்பானது.

தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபாட்டும் மார்க் கேட்டிஸும் அப்படி ஒரு திட்டமே இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த மறுப்பும் ஆதாரப் பட்டியலில் சேர்ந்துவிட்டது: ரகசியத்தைக் காப்பாற்றத்தானே மறுக்கிறார்கள்!

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு பக் ஏன் வருகிறது என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தால் நான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எதைப் பார்த்தால் இந்த ஊகம் தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்பது. அதற்குப் பதில் இல்லையென்றால் அது ஊகமே இல்லை, வேண்டுதல்.

ஷெர்லாக்கும் வாட்சனும் காதலிக்கிறார்கள் என்று வாசிப்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நன்றாகவே வாசிக்கலாம். நான் சண்டைக்கு வருவது அந்த வாசிப்பைத் தியரியாக்கி, தியரிக்கு ஆதாரம் திரட்டி, ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலில் முத்திரைக்காக நிற்கிற பழக்கத்தோடு.

*

இந்த இடத்தில் கைதட்டிச் சிரிக்கிற ஒரு கோஷ்டி உண்டு. “அதெல்லாம் ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். இவங்களா ஏதாவது கற்பனை பண்ணிப்பாங்க.” நீங்களும் கொஞ்சம் இருங்க. முதல் கணக்கு உங்களோடுதான்.

டீஃபால்ட் என்றால் என்ன? பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் மதிப்பு. அது இயற்கையாக முளைத்ததில்லை. யாரோ ஒருத்தர் முடிவெடுத்து எழுதிவைத்தது. திரையில் ஒரு ஆணும் பெண்ணும் லிஃப்டுக்குள் இரண்டு விநாடி பார்த்துக்கொண்டால் நாம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. பின்னணி இசை வரும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே இரண்டு விநாடி இரண்டு ஆண்களுக்கு நடுவே நடந்தால் மட்டும் வாக்குமூலம், சாட்சி, நோட்டரி கையெழுத்து எல்லாம் வேண்டும். ‘நண்பர்கள் மட்டுமே’ என்பதும் ஒரு தியரிதான். அதை யாரும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இந்த டீஃபால்டை எழுதியவர்களை வரலாற்றிலேயே காட்டலாம். ஹாலிவுட்டில் ஹேஸ் விதிகள் 1934 முதல் கறாராக அமலுக்கு வந்தன. 1968ல்தான் அவை ஒழிந்தன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஒருபாலீர்ப்பைத் திரையில் காட்டவே முடியாது. காட்ட முடியாததை எழுத்தாளர்களும் இயக்குநர்களும் ஒளித்துவைத்தார்கள். அந்தப் படங்களில் ஒளிந்திருந்த உணர்வைத் தேடியவர்களைக் கற்பனைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. அங்கே நிஜமாகவே ஒளித்துவைத்திருந்தது.

1959ல் வந்த ‘பென்-ஹர்’ இதற்கு அழகான உதாரணம். பென்-ஹரும் மெஸாலாவும் பால்ய நண்பர்கள். வளர்ந்த பிறகு சந்திக்கிறார்கள், அரசியலில் முரண்பட்டு ஜென்ம விரோதிகளாகிறார்கள். அந்தப் படத்தின் திரைக்கதையில் வேலை செய்த கோர் விடால் பின்னாளில் ஒரு கதை சொன்னார். வெறும் அரசியல் தகராறு இவ்வளவு வெறுப்புக்குப் போதாது. இருவரும் இளமையில் காதலர்கள், மெஸாலா அதைத் தொடர விரும்புகிறான், பென்-ஹர் மறுக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் சொன்னாராம். மெஸாலாவாக நடித்த ஸ்டீபன் பாய்டுக்கு விஷயம் சொல்லப்பட்டது. பென்-ஹராக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனிடம் மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவானதாம். ஹெஸ்டன் இதைக் கடைசிவரை மறுத்தார். யார் சொன்னது நிஜம் என்பது இருக்கட்டும். விடால் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தச் சந்திப்புக் காட்சியைப் போய்ப் பாருங்கள். ஒருவர் காதல் காட்சியில் நடிக்கிறார், எதிரில் இருப்பவருக்கு அது காதல் காட்சி என்றே தெரியாது. வாழ்க்கையில் இந்தக் காட்சியில் நின்றவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களிடம் போய் “ஆதாரம் எங்கே” என்று கேட்பது அறிவாளித்தனமில்லை, தடித்தனம்.

*

சரி, இப்போது தியரிக்காரர்களிடம் வருகிறேன்.

ஒரு கதாபாத்திரம் பேசாமல் இருந்தால் அதன் உள்ளே ஒரு வாக்கியம் பூட்டிக் கிடக்கிறது, சரியான பாஸ்வேர்டு போட்டால் திறந்துவிடும் என்பதுதான் நீங்கள் எல்லோரும் வைத்திருக்கும் நம்பிக்கை. உள்ளே இருப்பது வாக்கியமாகவே இல்லையென்றால்?

ஹிடியாகி அன்னோ இயக்கிய ‘நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்’ 1995–96ல் ஜப்பானில் ஒளிபரப்பானது. 26 எபிசோடுகள். ராட்சத ரோபோக்கள் சண்டை போடும் தொடர் என்று பெயர். நிஜத்தில் அது, அடுத்தவரிடம் நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கிறவர்களின் கதை. குளிருக்கு நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிரும் என்று முள்ளம்பன்றிகளை வைத்து ஷோப்பன்ஹவர் சொன்ன உவமையை அது தொடக்க எபிசோடுகளிலேயே எடுத்துக்கொள்கிறது. 24வது எபிசோடில் கவோரு என்ற பையன் வருகிறான். யாருக்குமே தன்னைப் பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஷின்ஜியிடம் அவன் ‘சுகி’ என்ற சொல்லைச் சொல்கிறான்.

பழைய ஆங்கில சப்டைட்டிலில் அது ‘லவ்’. 2019 ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸில் புதிய மொழிபெயர்ப்போடு வந்தபோது ‘லைக்’ ஆகிவிட்டது. பெரிய சண்டை மூண்டது. வேண்டுமென்றே காதலை அழித்துவிட்டார்கள் என்றது ஒரு பக்கம். அகராதிப்படி இதுதான் சரி, மூலத்தில் இருக்கும் பூடகம் அப்படியே இருக்கட்டும் என்றது மறுபக்கம்.

தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இந்தச் சண்டை விநோதமாக இருக்கும். ஜப்பானிய மொழியில் மீன் குழம்பும் ‘சுகி’தான், பேஸ்பாலும் ‘சுகி’தான், காதலைச் சொல்லும் வழக்கமான சொல்லும் அதுவேதான். நமக்கு ரவா தோசை பிடிக்கும், இளையராஜாவைப் பிடிக்கும், உன்னையும் பிடிச்சிருக்கு. பெண் பார்த்துவிட்டு வரும்போது காரில் கேட்பார்களே, “என்னடா, பிடிச்சிருக்கா?” அந்த ஒரு சொல்லில் ஒரு கல்யாணமே முடிவாகிறது. நிஜ வாழ்க்கையில் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று முழு வாக்கியம் பேசிய தமிழரை நான் சந்தித்ததில்லை. டப்பிங் படங்களில் கேட்டிருக்கிறேன். நாம் ‘பிடிச்சிருக்கு’ என்போம், அதற்கு மேல் போனால் ஆங்கிலத்தில் ‘ஐ லவ் யூ’ சொல்லிவிட்டு ஓடிவிடுவோம்.

‘பிடிச்சிருக்கு’ என்ற சொல்லின் சௌகரியமே, சொல்கிறவருக்கே அது எந்தப் பிடித்தல் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான். ஷின்ஜிக்கும் தெரியாது. அவன் எதையும் மறைக்கவில்லை. தனக்கு என்ன ஆகிறது என்று அவனுக்கே பெயர் வைக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு இந்த வசதி குறைவு, இரண்டில் ஒரு பெட்டியை டிக் அடித்தாக வேண்டும். ‘லவ்’ போட்டால் கொஞ்சம் கூடிவிடும். ‘லைக்’ போட்டால் கதவு சாத்திக்கொள்ளும். என்னைக் கேட்டால் இரண்டாவது நஷ்டம்தான் பெரியது. ‘சுகி’ கேட்கும் ஜப்பானியக் காதில் காதலுக்கும் இடமிருக்கிறது, ‘லைக்’ கேட்கும் ஆங்கிலக் காதில் இல்லை. அகராதிக்கு உண்மையாக இருந்துகொண்டே கதைக்குத் துரோகம் செய்யலாம்.

ஆனால் ‘அவன் உண்மையில் காதலிக்கிறான், இதோ 47 ஸ்க்ரீன்ஷாட்’ என்று வருபவரும் அந்த அறைக்குள் போய் அதே கதவைத்தான் சாத்துகிறார். என்ன, உள்பக்கமிருந்து சாத்துகிறார்.

*

பூடகமாகப் பேசுகிறவர்களை எப்படி வாசிப்பது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். சங்க அகப்பாடல்களில் காதலர்களுக்குப் பெயர் கிடையாது. யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும். தலைவி கூற்று, தோழி கூற்று என்பதெல்லாம் அதில்தான். அந்தக் குறிப்பு பாடலின் பகுதி இல்லை. பின்னால் வந்தவர்கள் வாசித்துவிட்டுப் போட்டது. ரசிகர் தியரி என்றால் நம் மொழியில் அதுதான் பழைய ரசிகர் தியரி. ஆனால் நற்றிணைக் குறிப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சூழலைச் சொல்லிவிட்டு, இன்னொரு சூழலையும் சொல்லி, ‘சொல்லியதூஉம் ஆம்’ என்று முடிப்பார்கள். இப்படிச் சொன்னதாகவும் கொள்ளலாம் என்று அர்த்தம். இரண்டு வாசிப்பும் ஒரே பாட்டின் கீழ் அடிதடி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். புலவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று யாரும் கிளம்பவில்லை.

அந்தக் குறிப்புகளில் வரும் இன்னொரு சொல் சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது தோழிக்குத் தெரியும். அவள் தலைவியிடம் பேசுவதுபோல் பேசுவாள், சேதி அவனுக்கு. இன்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் விடுதி அறையில் நண்பர்களிடம் “எனக்கென்னவோ இந்த ரெண்டு பேருக்கும் லவ்னு தோணுது” என்று ஒரு தொடரைப் பற்றிச் சொல்கிறான் என்றால், அவன் அந்தத் தொடரைப் பற்றி மட்டும் பேசவில்லை. கேட்கிறவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறான். சிறைப்புறமாகச் சொல்கிறான். அவனிடம் ஆதாரம் கேட்டுச் சிரித்தால் அவனுக்கும் பதில் கிடைத்துவிடும். பிறகு சொல்லமாட்டான்.

*

முத்திரை கேட்பதன் விலையைப் பார்ப்போம்.

‘சூப்பர்நேச்சுரல்’ 15 சீசன் ஓடிய அமெரிக்கத் தொடர். காஸ்டியல் என்ற தேவதூதன் 2008ல் வந்தான். அவனுக்கும் டீனுக்கும் நடுவே இருப்பது என்ன என்று 12 வருடம் பேசினார்கள். 2020 நவம்பர் 5 அன்று காஸ்டியல் வாய்விட்டுக் காதலைச் சொன்னான், சொன்ன கையோடு செத்தான். டீன் பதிலுக்குக் காதல் சொல்லவில்லை. அதே மாதம் லத்தீன் அமெரிக்க ஸ்பானிய டப்பிங் வந்தது. அதில் டீன் ‘நானும் உன்னை’ என்கிறான்! உடனே தியரி தயார்: இதுதான் அசல் வசனம், ஆங்கிலத்தில் அழித்துவிட்டார்கள், ஸ்பானியத்தில் மட்டும் தப்பிவிட்டது. அந்த வரியை ஒரு வாசிப்பு என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? ஒரு மொழியின் மௌனம் இன்னொரு மொழியில் இப்படிக் கேட்டிருக்கிறது. தூஉம் ஆம். அதை அசல் ஆவணம் ஆக்கினால்தான் திருப்தி என்றால், உங்களுக்குக் கதையைவிடக் கம்பெனியின் கையெழுத்துதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் கையெழுத்தின் மதிப்பு என்ன? ஹாரி பாட்டரின் ஏழு நாவல்களும் வந்து முடிந்த பிறகு, 2007 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு வாசகர் கேட்டபோது, டம்பிள்டோர் தன்பாலீர்ப்பாளர் என்றார் ரவுலிங். ஏழு நாவல்களில் எங்கும் அவர் அதை வெளிப்படையாக எழுதவில்லை. 2022ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ மூன்றாம் படத்தில் ஒருவழியாக வசனத்திலேயே வந்தது. சீனாவில் வெளியிட அந்த வசனத்தை வெட்டச் சொன்னார்கள். வார்னர் பிரதர்ஸ் வெட்டியது. வெட்டியது மொத்தம் 6 விநாடி. படத்தின் சாரம் அப்படியே இருக்கிறது என்று அறிக்கையும் கொடுத்தது. 15 வருடம் காத்திருந்து வாங்கிய முத்திரை 6 விநாடியில் கழன்று விழுந்தது. இரண்டு நடிகர்களின் பார்வையை அப்படிச் சுலபமாக வெட்ட முடிந்திருக்காது.

*

கதாபாத்திரங்களோடு இது நின்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். நிற்பதில்லை.

2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ வந்தது. தான் இருபாலீர்ப்புள்ளவன் என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கும் நிக் என்ற பள்ளி மாணவனின் கதை. அவனை யாரும் அவசரப்படுத்துவதில்லை, தனக்கான சொல்லை அவனே எடுத்துக்கொள்ள விடுகிறார்கள் என்பதுதான் அந்தக் கதையின் அழகு. நிக்காக நடித்தவர் கிட் கானர். அவர் ஒரு பெண்ணோடு காணப்பட்ட படங்கள் வெளிவந்ததும், ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரது சொந்த வாழ்க்கைக்கு ஆதாரம் கேட்கத் தொடங்கியது. நீ யார், சொல், இல்லையென்றால் எங்களை ஏமாற்றுகிறாய். 2022 அக்டோபர் 31 அன்று அவர் ட்விட்டரில் தான் இருபாலீர்ப்புள்ளவன் என்று எழுதினார். 18 வயதுப் பையனை வற்புறுத்திச் சொல்லவைத்ததற்கு வாழ்த்துகள், உங்களில் சிலருக்கு அந்தத் தொடர் புரியவே இல்லை என்ற பொருளில் இரண்டு வரி.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பழகிய கை உயிருள்ள ஆளையும் அப்படித்தான் பிடிக்கும். திரையில் மௌனத்தைக் கண்டால் உடைத்துப் பார்க்கத் தோன்றுகிறவருக்கு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் மௌனத்தைக் கண்டாலும் அதுவேதான் தோன்றும். “எனக்கு அப்பவே தெரியும்” என்று ஜெயித்த மாதிரி சொல்கிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த ‘அப்பவே’ எப்போது? அவன் சொல்லத் தயாராகும் முன்பு. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

டீனும் காஸ்டியலும், கவோருவும் ஷின்ஜியும், உங்களுக்குத் தோன்றுகிறதை எழுதுங்கள், வரையுங்கள், பக்கம் பக்கமாக வாதாடுங்கள். டீஃபால்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை விடாதீர்கள், அவர்களிடமும் ஆதாரம் கேளுங்கள். எழுதி முடித்ததும் கீழே ஒரு ‘தூஉம் ஆம்’ போட்டுவிடுங்கள். கம்பெனியிடம் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது உங்கள் வாசிப்புக்குச் சொந்தக்காரன் இல்லை. வேலிக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தால் டார்ச் அடிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கதையைப் பேசுங்கள், போதும்.