வராதவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்!



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. விடியுமுன் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி நிற்பார்கள். கிராணி செக்ரோலை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒருவர் வரவில்லையென்றால் அதற்காகப் பெரட்டையே நிறுத்தி வைப்பாரா? மாட்டார். அந்தப் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஏன் வரவில்லை என்ற விசாரணை எல்லாம் பிறகுதான்.

இந்தச் சின்ன விஷயத்தை மறந்ததால் நான் பட்ட பாட்டைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த என் அக்காள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் ஏறியது. உயிர் தப்பியதே பெரிது. ஆனால் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த படப் புத்தகங்கள் சேற்றில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயின.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இன்று ரப்பர் மரமும் இல்லை, லயமும் இல்லை. அங்கே வீடமைப்புத் திட்டம் வந்து பல காலமாகிறது. அப்பா, அம்மா, தோட்டத்துக் கோயில் திருவிழா, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் படங்களில்தான் மிச்சம். நல்ல வேளையாக, அக்காள் மகன் சில ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை ஸ்கேன் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, மாடி அறையில் வைத்திருந்தான். அம்மா பாடிய தாலாட்டும் அதில்தான் இருந்தது. மொத்தம் 11,640 கோப்புகள்!

டிஸ்க்கோ பழையது. ஓர் இரவு பத்து மணிக்கு அதைக் கணினியில் மாட்டினேன். எல்லாவற்றையும் ஒரே பிடியாக இழுத்துப் புதிய டிஸ்க்கில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா, தவிர்க்கவா என்று! வந்து சேர்ந்தவை வெறும் 412. ஆயுள் முடியப்போகும் டிஸ்க், என் பதிலுக்காக இரவு முழுவதும் வீணாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்கு ஓடினேன். சேலைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, ஒரு கடைவீட்டு மாடியில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம்.

“ஐயா, நீங்க இழுத்துப் போட்டது பத்துப் படத்துக்குச் சரி. பத்தாயிரத்துக்குச் சரி வராது” என்றார் அவர்.

பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு கோப்பு இடறினால் மொத்த வேலையும் அத்தோடு நின்றுவிடும். 2007-இல் கடைக்கு வந்த விஸ்டாவில் ‘தவிர்’ என்ற பொத்தானைச் சேர்த்தார்கள். ஆனால் அதை அழுத்த ஆள் விழித்திருக்க வேண்டுமே!

கோப்பு இடறுவதற்கு டிஸ்க் பழுது மட்டும் காரணமில்லை. கோப்பின் பெயரும் அது இருக்கும் அறைகளின் பெயர்களும் சேர்ந்து 260 எழுத்துகளை எட்டினால் விண்டோஸ் பல நேரங்களில் திணறும். பெயருக்குள் கேள்விக்குறி இருந்தால் ஏற்காது. பேட்32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. கல்யாண வீடியோ பாதியில் நிற்பது இதனால்தான்.

இதற்கு வழி? அதே விண்டோஸுக்குள் விஸ்டா காலம் முதல் ‘ரோபோகாப்பி’ என்றொரு கருவி காசில்லாமல் கிடக்கிறது. படம், பொத்தான் எதுவும் இல்லாமல் எழுத்தில் கட்டளையிட வேண்டும். அதுதான் நம் கிராணி! ஆனால் நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், படிக்க முடியாத ஒரு கோப்பை 10 லட்சம் முறை முயலும். முறைக்கு முறை 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே கோப்புக்குக் கிட்டத்தட்ட 347 நாள்! ஆகவே ‘ஆர்’ என்ற குறிப்புக்கு 1, ‘டபிள்யூ’ என்ற குறிப்புக்கு 1 என்று கொடுத்துவிட வேண்டும். ஒரு முறை மட்டும் மறுபடி முயன்று, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ‘லாக்’ என்ற குறிப்பையும் சேர்த்தால், வராத கோப்பின் பெயரை ஓர் ஏட்டில் எழுதி வைக்கும். மறுநாள் அதே கட்டளையைக் கொடுத்தால் வந்துவிட்டதைத் தொடாமல் விடுபட்டதற்கு மட்டும் போகும்.

லினக்ஸ்காரர்களுக்கு ‘ஆர்சிங்க்’ உண்டு. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மக்கராஸும் எழுதியது. அதுவும் இதே வழக்கம்தான்.

ஓர் எச்சரிக்கை. ரோபோகாப்பியில் ‘எம்.ஐ.ஆர்.’ என்ற குறிப்பைத் தெரியாமல் போட்டுவிடாதீர்கள். மூலத்தில் இல்லாததையெல்லாம் போய்ச் சேரும் இடத்திலிருந்து அழித்துவிடும். இரண்டு இடங்களையும் மாற்றிக் கொடுத்தவர் கதி அதோகதி!

தம்பி அன்று மாலை வேலையைத் தொடங்கினார். மறுநாள் போனேன். 11,611 வந்துவிட்டன. ஏட்டில் 29 பெயர்கள். பழுதான இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, நல்ல இடங்களை முதலில் எடுக்கும் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் அவற்றில் 23-ஐயும் மீட்டார். மீதி ஆறு வரவேயில்லை. அம்மாவின் தாலாட்டு வந்துவிட்டது. பெரட்டுக் களத்தில் அப்பா நிற்கும் படம் அந்த ஆறில் ஒன்று.

மனம் கனத்துத்தான் போனது. ஆனாலும் எது போனது என்று பெயரோடு தெரிந்ததே! கிள்ளானில் இருக்கும் பெரியம்மா மகனைக் கூப்பிட்டு, “அண்ணே, அப்பா பெரட்டில் நிற்கிற படம் உங்களிடம் உண்டா?” என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, ஓரம் பழுத்த ஒரு பிரதியோடு வந்து நின்றார். ஏட்டில் பெயர் இல்லையென்றால் நான் எதைக் கேட்டிருப்பேன்?

நம் பெரியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1904-இல் பதிற்றுப்பத்தை அச்சிட்டபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. அவை கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்த எட்டுப் பத்துகளை வெளியிட்டார். எவை இல்லை என்பது இன்றும் நமக்குத் தெரிகிறது.

ஆகவே வாசகர்களே, வீட்டுப் படங்களை மாற்றும்போது சிலவற்றை மனத்தில் வையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகல் மட்டும் எடுங்கள். முடிந்ததும் இரு பக்கமும் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். சில படங்களையாவது திறந்து பாருங்கள். அதுவரை பழையதை அழிக்காதீர்கள். டிஸ்க் ‘டக், டக்’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்தித் தெரிந்தவரிடம் கொடுங்கள். கடைசியாக ஒன்று: ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருந்தால், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். வெள்ளம் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வராது அல்லவா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். முதலில் அம்மா அப்பா படங்கள்!