கிளாவரைக்கு மாணவிகள் ஏன் போகணும்? ஊரே வகுப்பறை ஆனால் யாருக்கு லாபம்?

2024 செப்டம்பர். கொடைக்கானல் மேல்மலையின் கடைக்கோடி கிராமமான கிளாவரைக்குக் காட்டிலிருந்து வரும் தண்ணீர் திடீரென நின்றுபோனது. என்ன ஆச்சுன்னு பார்க்கப் போன ஊர்க்காரர்கள், செருப்பனோடை வனப்பகுதியில் சுமார் 300 அடி நீளத்துக்கு நிலம் பிளந்து கிடந்ததைக் கண்டார்கள். அதிகாரிகள் வந்து ஆய்வு செய்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. தண்ணீர் எந்த வழியா வருதுன்னு தெரிந்து வைத்திருந்த மக்கள். இந்த அறிவு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. ஆனால், அதே மலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டாமா?

கம்யூனிட்டி டூர்னா என்ன?

ஊர்க்காரர்களே வழிகாட்டி. எங்கே போகணும், எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். மாணவர்களின் வேலை நடப்பது, கேட்பது, குறித்துக்கொள்வது.

'ஏற்கெனவே கூட்டம் தாங்கல, இதுல இன்னொரு டூரா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. ஆனால், சுற்றுலாப் பயணி இரண்டு நாளில் இறங்கிவிடுவார். மாணவி இரண்டு, மூன்று வருஷம் இந்த மலையிலேயே இருக்கப்போகிறவர். ஏரி, பைன் காடு, தூண் பாறை என்று அவரும் சுற்றுலாப் பயணி பார்த்ததையே பார்த்துவிட்டுப் பட்டத்தோடு கிளம்பினால், நஷ்டம் இரண்டு பக்கமும்தான்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கா?

இருக்கு, இதே திண்டுக்கல் மாவட்டத்திலேயே. 1956-ல் தொடங்கிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

கொடைக்கானலிலும் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த விண்ணப்பத்தின் பின்னணியில் 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உழைப்பும் இருந்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மேல்மலை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பூண்டு அது. விவசாயிக்குத் தெரிந்ததும் ஆய்வகத்துக்குத் தெரிந்ததும் சேர்ந்ததால்தான் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

சரி, ஊருக்கு என்ன கிடைக்கும்?

இதுதான் முக்கியமான கேள்வி. புவிசார் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, விவசாயி 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான கட்டணம் 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பணம் இப்போது பெரிய தடை இல்லை. விண்ணப்பப் படிவம், ஆவணம், சென்னையில் இருக்கும் அலுவலகம்... இவைதான் மலைக் கிராமத்து விவசாயிக்குத் தலைவலி. ஒரு மாணவி ஒரு மாலையில் உட்கார்ந்து ஒரு குடும்பத்துக்கு இதைப் பூர்த்தி செய்து கொடுத்தால், அந்தப் பயணம் ஊருக்கும் பயன்பட்டது என்று அர்த்தம்.

அதேபோல, நீரோடைகளையும் நிலம் சரியும் இடங்களையும் ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல வரைபடமாக்கி, ஒரு பிரதியை ஊராட்சியிடமே கொடுக்கலாம்.

எப்படிச் செய்யணும்?

* வழிகாட்டும் ஊர்க்காரருக்குக் கூலி கட்டாயம். அவருடைய ஒரு நாள் வேலை போகிறது.
* நடவு, அறுவடை நாள்களைத் தவிர்த்து, ஊர் சொல்லும் தேதியில் போக வேண்டும்.
* கிளாவரை, கொடைக்கானலிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல். மாணவிகளை அவசர அவசரமாகக் கூட்டிப்போய்த் திரும்புவதைவிட, மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் தங்கும் இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது பாதுகாப்பு, அவர்களுக்கு வருமானமும்கூட.
* வீட்டையும் ஆட்களையும் கேட்காமல் போட்டோ, ரீல்ஸ் எடுக்கக் கூடாது.
* ஒருமுறை போன ஊருக்கே அடுத்த வருஷமும் போக வேண்டும்.

புதுசா ஒரு திட்டம் தேவையில்லை. என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் ஏற்கெனவே விதியில் இருக்கின்றன. அந்த ஏழு நாளில் வழக்கமான பேரணி, மரக்கன்று நடுதலோடு நிறுத்திக்கொள்ளாமல், ஊர்க்காரர்கள் முன்னால் நடக்க, மாணவிகள் பின்னால் போகட்டும்.

அடுத்தமுறை கிளாவரையில் தண்ணீர் நின்றால், அதன் காரணத்தைத் தேடிப்போக ஊர்க்காரர்களோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.